சூட்டை விட்டு ஓடும் தண்ணீர்

மட்டாஞ்சேரி
2 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி ஃபிதாவுக்கு, இத்தா சுல்ஃபத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் உன் மச்சானும் நானும் அல்லாஹ் காவலில் சுகம். பிரான்சில் இறங்கியதுமே காய்ச்சல் என்று வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டிருந்தாய். விட்டதா? மிளகுக் கசாயம் வைத்துக் குடி.

இனி எனக்கு மெயிலில் எழுது. வாட்ஸாப்பில் நான் பத்து வரி கேட்டால் நீ “ம்” என்று ஒன்று போடுகிறாய். போன் எனக்கு எதற்கு ஆகும்? காய்ச்சலில் என் காது போனதிலிருந்து உன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எழுதினால்தான் நீ பேசுவது எனக்குக் கேட்கிறது.

இங்கே நல்ல மழை. பஜார் ரோட்டில் தண்ணீர் ஏறி, ஜூ டவுன் குடோனில் ஜாதிபத்திரி பிரிக்கும் வேலை நின்றுவிட்டது. வீட்டில் சும்மா இருந்தால் எனக்கு உன் விமானம்தான் நினைவு. ஆராய்ச்சிக்கு என்று வேண்டுமென்றே விழ வைக்கிற விமானம் என்று பக்ரீதுக்கு வந்தபோது சாயா குடித்துக்கொண்டே சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயம்புத்தூர்ப் பட்டறையில் செய்து வாங்கி வந்த செப்புத் தட்டை உறை பிரித்துக் காட்டினாயே, கண்ணாடி மாதிரி என் முகம் தெரிந்தது. அதைத்தான் விமானத்தில் வைக்கிறீர்களா? அதை வைத்து என்ன செய்கிறீர்கள்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உம்மாவின் துஆவும் என் துஆவும் உன் கூடவே.
சுல்ஃபத்


பிரான்ஸ்
15 ஜூலை 2024

என் பயந்தாங்கொள்ளி இத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். காய்ச்சல் போய்விட்டது. கசாயம் வைத்தேன், பக்கத்து அறைக்காரி ஜன்னலைத் திறந்து வைத்தாள். என் தமிழில் பிழை இருந்தால் சிரிக்காதே. மலையாளத்தில் என்றால் விறுவிறுவென்று எழுதுவேன், உனக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்பதால் இந்தப் பாடு.

முதலில் விமானம். அது விழுவதில்லை. மேலே ஏறி, எறிந்த பந்து மாதிரி வளைந்து இறங்கும். அந்த வளைவில் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கிற எதற்கும் எடை இராது. அப்புறம் விமானி நிமிர்த்துவார். மறுபடி ஏறுவார். அவ்வளவுதான்.

இனி தட்டு. அதன்மேல் மெல்லிசாகத் தண்ணீர் பரப்பி, நடுவில் சூடேற்றுவோம். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், தட்டு குளிரும். விண்ணில் போகிற இயந்திரங்களை இப்படிக் குளிரவைக்கலாம் என்பது எங்கள் கணக்கு. ஆனால் அங்கே ஒரு வம்பு இருக்கிறது. தண்ணீரின் மேல்தோல் எப்போதும் இழுத்துக் கட்டியது போல் இருக்கும். சூடான இடத்தில் அந்த இழுப்பு குறைவு, குளிர்ந்த இடத்தில் அதிகம். அதனால் குளிர்ந்த ஓரம் சூடான நடுவிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பூமியில் தண்ணீரின் எடை அதை ஓரளவு அமுக்கி வைக்கிறது. எடை இல்லாதபோது எதற்கும் அடங்காது. சூட்டை விட்டுத் தண்ணீர் ஓடிவிடும். நடுப்பகுதி காய்ந்து, தட்டின் சூடு தாறுமாறாக ஏறும். வரம்பு மீறினால் மின்சாரத்தைத் தானாக நிறுத்த ஒரு கட்-ஆஃப் வைத்திருக்கிறோம். அது இல்லாவிட்டால் மேலே இருக்கிற கண்ணாடி வெடிக்கும்.

தண்ணீரை ஓடவிடாமல் நடுவிலேயே நிறுத்துவதுதான் என் ஆராய்ச்சி. இப்போது சோறு இறங்குகிறதா?

மச்சானுக்கு ஸலாம். உம்மாவை மருந்து சாப்பிடச் சொல்.
ஃபிதா


பிரான்ஸ்
20 அக்டோபர் 2024

இத்தாவுக்கு ஸலாம். நான் சுகம், விமானமும் சுகம். உம்மா சுகமா என்று கேட்க மாட்டேன். அவர் நன்றாக இருப்பது எனக்குத் தெரியும்.

பறப்பதற்கு முந்தைய நாள் மச்சான் போன் செய்து, உம்மா குளியலறையில் விழுந்துவிட்டார், உடனே புறப்படு என்றார். நான் அழுதுகொண்டே டிக்கெட் தேடினேன். என் கூட ஆராய்ச்சி செய்கிற ரோஜா, நம் வீட்டுக்கு வந்தாளே, அவள்தான் சந்தேகப்பட்டு உங்கள் பக்கத்து வீட்டு எண்ணை வாங்கிப் பேசினாள். உம்மா வாசலில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாராம். நீ சொல்லச் சொல்லித்தான் மச்சான் சொன்னார் என்பது எனக்குத் தெரியாதா? பயம் வேறு, பொய் வேறு. இதை நான் லேசில் மறக்க மாட்டேன்.

கோபம் முடிந்தது, சந்தோஷத்தைச் சொல்கிறேன். தண்ணீர் ஓடவில்லை, இத்தா. எடை போன நேரத்திலும் நடுவிலேயே பரந்து நின்று, சமத்தாக ஆவியானது. ஒவ்வொரு வளைவிலும் அப்படியே. கட்-ஆஃப் ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், மனுஷர் சாதாரணமாகச் சிரிக்கவே மாட்டார். ரோஜா என்னைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைத் தமிழில் என்னென்னவோ கத்தினாள்.

ஃபிதா


மட்டாஞ்சேரி
28 அக்டோபர் 2024

என் கண்ணான ஃபிதாவுக்கு ஸலாம். இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமென்று நம்புகிறேன்.

செய்தது தப்பு. உன் மச்சான் அன்றே திட்டினார். “நீ பேடிச்சு பேடிச்சு என்னையும் பொய் பறய வச்சிட்டே. இனி என்னெ இதுக்குக் கூப்பிடாதே” என்று எழுதிக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் கடைக்குப் போனார். உம்மாவுக்கு விஷயம் தெரியாது, தெரிந்தால் எனக்கு இன்னும் இருக்கிறது.

தண்ணீர் நின்றது என்று படித்ததும் நான் எழுந்து இரண்டு ரக்அத் தொழுதேன். அது ஏன் நின்றது? தட்டுதான் காரணமா? ஒன்றும் தெரியாதவள் கேட்கிறாள் என்று விட்டுவிடாதே.

சுல்ஃபத்


பிரான்ஸ்
17 நவம்பர் 2024

இத்தாவுக்கு ஸலாம். குளிர் ஆரம்பித்துவிட்டது, மூக்கு ஒழுகுகிறது, மற்றபடி நலம். உனக்குத் தலைசுற்றல் என்று மச்சான் சொன்னார், இப்போது எப்படி?

ஏன் நின்றது என்று இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தட்டில் பட்டறைக்காரர் மிக நுண்ணிய வரிகள் போட்டுக் கொடுத்தார், அதுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்கிறார் பேராசிரியர். கட்டுரையும் எழுதி அனுப்பியாயிற்று, என் பெயர் முதலில். இதே தட்டை வைத்து ஏப்ரலில் மறுபடி பறக்கிறோம்.

எங்கள் தொழிலில் சுத்தம்தான் எல்லாம். சுத்தமான தண்ணீரின் மேல் ஒரு பொட்டு எண்ணெய் பட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவி, அந்த இழுப்பையே கொன்றுவிடும். தண்ணீர் ஓடாமல் சும்மா நிற்கும். போன வருஷம் ஒரு பையனின் தலை எண்ணெய் பட்டு ஒரு மாத வேலை வீணானது. நல்லவேளை, எங்கள் தட்டு பட்டறையிலேயே கழுவி உறை போட்டு வந்தது. உலர்ந்த துணியால் துடைத்து அப்படியே பொருத்தினோம்.

ஃபிதா


மட்டாஞ்சேரி
19 நவம்பர் 2024
(அனுப்பாதது)

ஃபிதா,

ஸலாம்கூட எழுத வரவில்லை.

நீ பக்ரீதுக்கு வந்தபோது தட்டைக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனாய். தர்கா விளக்கிலிருந்து எடுத்து ஓதி வாங்கிய தேங்காய் எண்ணெய் அலமாரியில் இருந்தது. மச்சான் புதுவண்டி வாங்கினபோது அதன் சக்கரத்தில் தொட்டு வைத்தோமே, அதே எண்ணெய்தான். நீ போகிற விமானத்தின் சக்கரத்துக்கு நான் எங்கே போவேன்? உன் கூட அந்த விமானத்தில் ஏறப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். சுண்டுவிரலால் ஒரு துளி எடுத்து நடுவில் தடவினேன். பளபளப்பில் தெரியாமல் முந்தானையால் தேய்த்துவிட்டேன்.

தண்ணீர் நின்றது உன் தட்டால் அல்ல, என் விரலால். இதை நான் எப்படிச் சொல்வேன்? உன் பெயர் முதலில் போட்ட கட்டுரை என்ன ஆகும்? இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதவும் பயமாக இருக்கிறது. அந்த எண்ணெய் இருந்ததால்தான் நீ பத்திரமாக இறங்கினாய் என்று எனக்குள் ஒரு குரல் சொல்கிறது. சொன்னால் நீ அதைத் துடைத்துவிடுவாய்.


மட்டாஞ்சேரி
12 ஜனவரி 2025

அன்பு ஃபிதாவுக்கு ஸலாம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. குடோனில் வேலை அதிகம், தலைசுற்றலும் இருந்தது. இப்போது பரவாயில்லை. நீ சுகமா? மூக்கு நின்றதா?

வைப்பின் தீவில் மாமி மகளுக்குக் கல்யாணம். படகுத்துறையில் நின்றபோது உன்னைத்தான் எல்லோரும் கேட்டார்கள். நீ கட்டுரை எழுதியிருக்கிறாய் என்று உம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

சும்மா கேட்கிறேன், அந்தத் தட்டை அப்படியே வைத்திருக்கிறீர்களா? கழுவிக் கிழுவி விடவில்லையே?

சுல்ஃபத்


பிரான்ஸ்
9 பிப்ரவரி 2025

இத்தாவுக்கு ஸலாம். நலம். உன் மெயிலை ரோஜாவுக்குப் படித்துக் காட்டினேன், தட்டின்மேல் உனக்கு என்ன இவ்வளவு பாசம் என்று சிரிக்கிறாள். கழுவாமல் இருப்போமா? ஒரு பறப்பு முடிந்தால் முழுசாகக் கழற்றி, சோப்பு, ஸ்பிரிட், அப்புறம் சூளை என்று எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது பிறந்த குழந்தை மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் பத்தாம் தேதி, வியாழக்கிழமை பறக்கிறோம். இந்தத் தடவை சூட்டை இரட்டிப்பாக்குகிறோம். போன தடவை கட்-ஆஃப் தேவையே படாததால் அதன் வரம்பையும் உயர்த்த அனுமதி வாங்கியாயிற்று. கண்ணாடிக்குப் பக்கத்தில் முகம் வைத்துப் பார்க்கிற இடம் என்னுடையது, ரோஜா கணினிப் பக்கம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதே. பறப்பதற்கு முந்தைய வாரம் உன் மெயிலைத் திறக்க மாட்டேன். வாட்ஸாப்பும் பார்க்க மாட்டேன். மச்சான் போன் வந்தாலும் எடுக்க மாட்டேன். உன் பயம் எனக்கு ஒட்டிக்கொள்கிறது, இத்தா. போன தடவை விமானத்தில் பாதி நேரம் உம்மா விழுந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். விழவே இல்லை என்று தெரிந்த பிறகும்.

ஃபிதா


மட்டாஞ்சேரி
4 ஏப்ரல் 2025

ஃபிதாவுக்கு ஸலாம். நீ சுகமாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

இதைத் திற. உம்மாமேல் ஆணை, இது பொய் இல்லை.

நீ ஜூனில் காட்டிய தட்டின் நடுவில் நான் ஓதிய எண்ணெய் தடவினேன். நீ குளிக்கப் போனபோது. அதனால்தான் தண்ணீர் நின்றது. இப்போது கழுவிவிட்டீர்கள், இனி நிற்காது. தண்ணீர் ஓடும், தட்டு காயும், நீ முகத்தை அங்கே வைத்திருப்பாய்.

உன் பிப்ரவரி மெயில் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நோன்பு மாதம் முழுவதும் எழுதி எழுதி அழித்தேன். பெருநாளன்று சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். பெருநாள் வந்தது, விருந்தாளிகள் வந்தார்கள், பிரியாணி வெந்தது, நான் சொல்லவில்லை. உன் வேலை போய்விடும் என்று பயம், நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய் என்று பயம். நேற்றுத்தான் காலண்டரைப் பார்த்தேன். நீ திறக்க மாட்டேன் என்று சொன்ன வாரம் தொடங்கிவிட்டது.

சுல்ஃபத்


மட்டாஞ்சேரி
7 ஏப்ரல் 2025

அன்புள்ள ரோஜாவுக்கு, ஃபிதாவின் இத்தா சுல்ஃபத் வணக்கம் சொல்லி எழுதுவது. நீயும் ஊரில் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்துபோன பிறகு நீ போட்டோ அனுப்பிய மெயிலிலிருந்து உன் முகவரி எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபிதாவுக்கு எழுதியதைக் கீழே அப்படியே வைத்திருக்கிறேன். அவள் திறக்கவில்லை. மூன்று நாளாக வாட்ஸாப்பில் அனுப்பியதும் படிக்காமல் கிடக்கிறது. இனி இதுக்குக் கூப்பிடாதே என்றிருந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் எத்தனையோ தடவை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை.

நான் பொய் சொன்னவள்தான். அதனால் என்னை நம்ப வேண்டாம். தண்ணீரைப் பார். உனக்குத் தெரிந்ததை வைத்து யோசி. உனக்குப் புண்ணியமாகப் போகும், அவள் முகத்தை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் விடாதே.

சுல்ஃபத்


பிரான்ஸ்
16 ஏப்ரல் 2025

இத்தாவுக்கு ஸலாம். உயிரோடு இருக்கிறேன், காயம் எதுவும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை மச்சானுக்கு ரோஜா அனுப்பிய “எல்லோரும் பத்திரம்” என்கிற ஒரு வரியோடு ஆறு நாள் உன்னை விட்டுவைத்தேன். கோபத்தில்தான் விட்டேன்.

ரோஜா உன் மெயிலை விமானம் ஏறுகிற அன்று காலையில்தான் பார்த்தாள். என்னிடம் காட்டினாள். நான் முழுசாகப் படிக்கவில்லை. உம்மா விழுந்த கதைதான், வேறு வேஷத்தில் வருகிறது என்றேன். “ஏட்டி, ஒங்க அக்கா பொய் சொல்லுத மாரி தெரியலட்டி. எண்ணெய்னா எல்லாம் சரியா வருதுல்லா?” என்றாள். எனக்குக் காதில் ஏறவில்லை. உன்னால் இந்தத் தடவையும் பறக்காமல் போகக் கூடாது என்ற பிடிவாதம்தான் இருந்தது.

முதல் வளைவில் எடை போனது. நான் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடியது. இத்தா, அது ஓடியதை எனக்கு எழுதத் தெரியவில்லை. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு வந்தது, விரிந்தது, தண்ணீர் முழுக்கச் சோதனைப் பெட்டியின் சுவரேறிப் போய்விட்டது. செம்பு காய்ந்து நிறம் மாறத் தொடங்கியது. கண்ணாடி கிறீச்சென்றது. என்னால் முகத்தை எடுக்க முடியவில்லை, உடம்பு எனக்குச் சொந்தம் இல்லாத மாதிரி மிதந்தது. அப்போது மின்சாரம் நின்றது. கட்-ஆஃப். நாங்கள் உயர்த்தி வைத்த வரம்பில் அது அந்நேரம் நின்றிருக்கக் கூடாது. ரோஜா ஏறுவதற்கு முன்னால் எனக்குச் சொல்லாமல் பழைய வரம்புக்கே இறக்கி வைத்திருந்தாள்.

கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். அவ்வளவோடு போயிற்று. மீதி வளைவுகளில் பெட்டியை நிறுத்திவிட்டுத் தரையில் படுத்துக் கிடந்தேன்.

இறங்கியதும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் வைத்து உறையைப் பிரித்தவள் நான், அதை இங்கே மறைத்தவளும் நான், அதையும் சொன்னேன். என்ன எண்ணெய் என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் என்றேன். ஓதியது என்பதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வரவில்லை. கட்டுரையைத் திரும்ப வாங்குகிறோம். ஆராய்ச்சி முடிய எனக்கு இன்னும் ஒரு வருஷமோ இரண்டோ கூடும்.

கோபம் இல்லை என்று எழுத முடியவில்லை. நீ தடவியதற்குக் கூட இல்லை. நவம்பரில் தெரிந்ததை ஏப்ரல் வரைக்கும் வைத்திருந்தாயே, அதற்கு. பயத்தையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஆனால் கடைசியில் ரோஜாவுக்கு எழுதினாய். அதனால்தான் எனக்கு முகம் இருக்கிறது, அதுவும் தெரியும்.

இப்போது எனக்கும் பயம் வந்துவிட்டது. கதவைப் பூட்டிவிட்டு மறுபடி போய்ப் பார்க்கிறேன். ஒன்று கேட்கிறேன், யோசித்து உண்மையாகப் பதில் எழுது. வேறு எதிலெல்லாம் தடவியிருக்கிறாய்?

ஃபிதா


மட்டாஞ்சேரி
18 ஏப்ரல் 2025

என் உயிரான ஃபிதாவுக்கு, இத்தாவின் ஸலாம். நீ நலம் என்று உன் எழுத்தில் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

கேட்டதற்குப் பதில். உன் பயணப் பெட்டியின் சக்கரங்களில். பாஸ்போர்ட் உறையின் உள்பக்கத்தில். மூக்குக்கண்ணாடியின் காதுப்பக்கம், வலது. ரோஜா வந்தபோது அவள் கைப்பையின் பிடியில், அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேள். நீ பத்தாம் வகுப்பு எழுதிய பேனாவில், பன்னிரண்டாம் வகுப்புக்கும் அதே பேனா. ஸ்காலர்ஷிப் நேர்காணலுக்குப் போட்டுப்போன சுரிதாரின் மடிப்பில். இடப்பள்ளியில் நீ இன்ஜினீயரிங் கோச்சிங் போன சைக்கிளில். நீ தூங்கும்போது உச்சந்தலையில், எத்தனை தடவை என்று கணக்கில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நீ முதல் மார்க் வாங்கினபோது, ஸ்காலர்ஷிப் கிடைத்தபோது, விமானம் பத்திரமாக இறங்கினபோது, ஒவ்வொரு தடவையும் நான் மனதுக்குள் அந்த எண்ணெய்க் குப்பிக்குத்தான் நன்றி சொன்னேன். உனக்கு ஒரு தடவையும் சபாஷ் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை.

குப்பி அலமாரியில் இருக்கிறது. கொட்டவும் பயம், தொடவும் பயம். நீ வந்து என்ன செய்வதென்று சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

இத்தா